விளக்கடிக்கு வராத கிருமிகள்

எங்கள் விலங்கியல் துறையின் மீன் அறைக்கு வருகிற நண்பர்கள் முதலில் மீனைப் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்க்கிறார்கள். அறையின் மூலையில், பம்புக்கு மேலே, முழங்கை நீளத்தில் ஓர் எஃகு உருளை படுத்திருக்கிறது. அதன் ஒரு முனையில் நாணய அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண். அந்தக் கண்ணில் பகலும் இரவும் இளநீல ஒளி. "இதுதான் கிருமியைக் கொல்லும் விளக்கா?" என்று கேட்கிறார்கள். ஆம் என்றதும், "அப்படியானால் உங்கள் மீன்களுக்கு நோயே வராது; கொடுத்துவைத்த மீன்கள்!" என்று சொல்லி மகிழ்கிறார்கள்.

அந்த நீல ஒளியிடம் எல்லாருக்கும் ஒருவகைப் பக்தி உண்டாகிவிடுகிறது. கருவறைச் சுடரிடம் உண்டாவது போன்ற பக்தி. அந்தப் பக்திக்கு எங்கள் குடும்பத்திலேயே சென்ற ஆண்டு விலை பேசப்பட்டது. அதனால்தான் நம் மன்ற மலருக்கு இந்த ஆண்டு கவிதை எழுதாமல் இதை எழுதுகிறேன். இலக்கியமும் பொருளியலும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு கொஞ்சந்தான் வரும்.

எங்கள் மீன் ஜீப்ரா மீன். சுண்டுவிரல் நீளம் கூட இராது. உடம்பில் நீளவாக்கில் நீலக் கோடுகள். கங்கையும் பிரமபுத்திராவும் பாயும் நிலத்தின் வாய்க்கால்களும் குட்டைகளும் வயல்நீரும் அதன் பிறந்தகம். பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் என்பவர் அதை மரபியல் ஆராய்ச்சிக்கு உரிய உயிராக்கினார். உலகை அதன் பக்கம் திருப்பிய அவருடைய கட்டுரை 1981இல் வெளிவந்தது. முட்டையும் கருவும் கண்ணாடி போல் தெளிவாக இருப்பதால், இதயம் உருவாகித் துடிக்கத் தொடங்குவதை உருப்பெருக்கியில் நேரே காணலாம். வங்காளத்து வாய்க்கால் மீன் அயல்நாடு சென்று பட்டம் பெற்று, மதிப்புக் கூடி, குளிரூட்டிய அறைக்குத் திரும்பியிருக்கிறது. அதன் ஏழை உறவினர்கள் இதே கொல்கத்தாவின் கேலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிளாஸ்டிக் பைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அறையின் அமைப்பு. அலமாரி போன்ற அடுக்குகளில் சின்னஞ்சிறு தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தொட்டிக்கும் மேலிருந்து ஒரு குழாய் நீர் தருகிறது. பின்பக்கம் வழியும் நீர் ஒரே கால்வாயில் விழுந்து, கீழே உள்ள பொதுத் தொட்டிக்குப் போகிறது. அங்கே பஞ்சு வடிகட்டி, நுண்ணுயிர் வாழும் வடிகட்டி, கரி ஆகியவற்றைக் கடந்து, பம்பின் வழியே விளக்குக்கு வந்து, மீண்டும் மேலே ஏறுகிறது. நாள்தோறும் ஒரு சிறு பங்கு நீரே புதிதாகச் சேர்கிறது. மற்றதெல்லாம் சுற்றிச் சுற்றி வரும் பழைய நீர்தான்.

ஒரு தெரு முழுவதும் ஒரே குளத்து நீரைக் குடித்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் பேதி கண்டால் தெருவெங்கும் பேதி கண்டது. எங்கள் அறையும் அப்படிப்பட்ட தெருதான். ஒரு தொட்டியில் நோய் தோன்றினால் சில நிமிடங்களில் அதன் கிருமி பொதுத் தொட்டிக்கு வந்துவிடும். அங்கிருந்து எல்லாத் தொட்டிக்கும் போகலாம். விளக்கு இந்த வழியின் நடுவில் அமர்ந்திருக்கிறது. ஒரு தொட்டியின் நோய் மற்றொரு தொட்டிக்குப் போகாதபடி மறிக்கும் சுங்கச்சாவடி அது. நோயுற்ற மீனுக்கு அது வைத்தியம் பார்ப்பதில்லை. சாவடி வழியே வராத சரக்கைப் பிடிக்கவும் அதனால் ஆகாது. நான் சொல்ல வந்ததன் பெரும்பகுதி இவ்வளவே. ஆனால் இதை விளங்கிக்கொள்ள எனக்கே ஓராண்டு ஆயிற்று. ஆதலால் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

வெயில் பட்டால் கிருமி மடியும் என்பதை 1877இல் டவுன்ஸ், பிளன்ட் என்னும் இரண்டு ஆங்கிலேயர் சோதனையால் காட்டினர். தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் மருத்துவம் செய்த நீல்ஸ் பின்சன் 1903இல் நோபெல் பரிசு பெற்றார். பிரான்சின் மார்சேய் நகரில் 1910இல் குடிநீரையே புற ஊதாக் கதிரால் தூய்மை செய்து பார்த்தனர். மீன் தொட்டிக்கு இந்தக் கதிர் வந்தது மிகப் பிற்பாடு.

விளக்கினுள் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை வீசுகிறது. அக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. ஆகவே விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் உறை போட்டிருக்கிறார்கள். நண்பர்கள் வியந்து நிற்கும் அந்த நீல ஒளி பாதரச ஆவி கூடவே தரும் வேறோர் ஒளி. கிருமியைத் தீர்ப்பதில் அதற்குப் பங்கில்லை. சாமி ஊர்வலத்தில் முன்னே போகிற தீவட்டியைச் சாமி என்று கும்பிடுவது போலத்தான்!

கதிர் கிருமியைச் சுட்டெரிப்பதும் இல்லை. கிருமியின் மரபுப் பொருளில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கண்ணிகளைத் தவறாக ஒட்டவைத்துவிடுகிறது. அத்தகைய ஒட்டுகள் பல விழுந்தால் கிருமியால் தன்னைப் படியெடுத்துப் பெருக முடியாது. உயிர் இருந்தும் சந்ததி இல்லை. ஆனால் கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. சில நுண்ணுயிர்கள் அந்த ஒட்டுகளைப் பிரித்துச் சீர்செய்துகொள்ளும் என்றும், அதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே துணையாகக் கொள்ளும் என்றும் 1949இல் ஆல்பர்ட் கெல்னர் கண்டறிந்தார். ஓர் ஒளி கெடுத்ததை இன்னோர் ஒளி சரிசெய்கிறது. அறையில் நாங்கள் மீனுக்காக நாள்தோறும் பதினான்கு மணி நேரம் விளக்கெரிக்கிறோம். அது கிருமிக்கும் மருத்துவமனை ஆகிறது. ஆகவே அரைகுறையாகச் சுட்டு விடுவதில் பயனில்லை; சீர்செய்ய முடியாத அளவுக்குக் காயம் பட வேண்டும்.

அந்த அளவு என்ன? கதிரின் வலிமையை அது படும் நேரத்தால் பெருக்கினால் வருவதே அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று சொல்லுவோம். நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு 30 போதும். வீட்டுக் குடிநீர்க் கருவிக்கு 40 என்று அமெரிக்கத் தரம் ஒன்று வகுத்திருக்கிறது. மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி பாக்டீரியாவைவிடப் பன்மடங்கு பெரியது. அதற்கு இந்த அளவு போதாது. கிராட்செக் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1983இல் வெளியிட்ட சோதனையில், நீர் சுற்றிவரும் தொட்டிகளுக்கிடையே அந்த நோய் பரவாமல் தடுக்க ஏறத்தாழ 92 மில்லிஜூல் கொடுத்தார்கள். "கிருமியைக் கொல்லும்" என்று மட்டும் எழுதியிருக்கும் விளம்பரத்தில் எந்தக் கிருமி, எந்த ஓட்டத்தில் என்ற இரண்டும் இல்லையானால் அதைப் படித்து ஆவது ஒன்றுமில்லை.

ஓட்டம் என்றேன். நீர் விரைந்து ஓடினால் விளக்கின் அருகே அது நிற்கும் நேரம் குறையும். ஓட்டம் இருமடங்கானால் அளவு பாதியாகும். மெதுவாக விட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் நான் வாக்களித்த கணக்கு வருகிறது. நூறு லிட்டர்த் தொட்டியிலிருந்து நூறு லிட்டர் நீரை விளக்கின் வழியே செலுத்தினால் நீர் முழுவதும் தூய்மையாகிவிடாது. தூய்மையான நீரும் தூய்மையாகாத நீரும் கலந்துகொண்டே இருக்கின்றன அல்லவா? முதற்சுற்றில் நூற்றுக்கு 63 பங்கே விளக்கைக் கண்டிருக்கும். 37 பங்கு காணாமலே நிற்கும். நூற்றுக்கு 99 பங்கு காண வேண்டுமானால் நாலரைச் சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். அதற்குள் கிருமி பெருகிவிட்டால் ஓடியது வீண். மெதுவாக ஓடினால் சுற்றுக் குறைகிறது. விரைவாக ஓடினால் அளவு குறைகிறது. இரண்டுக்கும் இடையே பம்பையும் விளக்கையும் பொருத்துவதுதான் கலை. அந்தக் கலை விளக்குப் பெட்டிக்குள் வைத்து விற்கப்படுவதில்லை.

இவ்வளவும் விளக்கை நாடி வரும் கிருமிகளைப் பற்றியவை. வராதவை எத்தனை!

வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியையே பாருங்கள். அதன் வாழ்வு மூன்று பருவம். முதலில் மீனின் தோலுக்கடியில் புதைந்து தின்று கொழுக்கிறது. நாம் காணும் உப்புக்கல் போன்ற புள்ளி அதுதான். கொழுத்தபின் மீனை விட்டு விழுந்து தொட்டியின் அடியிலோ சுவரிலோ ஒட்டி, மேலே ஓர் உறை போர்த்துக்கொள்கிறது. உறைக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிறது. மூன்றாம் பருவத்தில் அந்தக் குஞ்சுகள் வெளிப்பட்டு மீனைத் தேடி நீந்துகின்றன. ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் மாள்கின்றன. மூன்று பருவத்தில் விளக்கடிக்கு வரக்கூடியது இந்தக் கடைசிப் பருவம் ஒன்றே. அதுவும், கூட இருக்கும் மீனின் மேல் முதலில் ஏறிக்கொண்டால் வருவதில்லை.

எங்கள் ஜீப்ரா மீனை வாட்டும் மைகோபாக்டீரியா வகைகள் குழாயின் உட்புறத்து வழவழப்பிலும் அடிவண்டலிலும் குடியிருக்கின்றன. அவை நீரில் மிதக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மீனின் முதுகு நரம்பைத் தாக்கி முதுகைக் கூனச் செய்யும் சூடோலோமா என்னும் நுண்ணுயிர் தாயின் முட்டைக்குள்ளேயே தங்கி மறுதலைமுறைக்குப் போகக்கூடியது. வெளியிலிருந்து வரும் வளர்ந்த மீன் எதையும் எங்கள் அறைக்குள் விடுவதில்லை. அதைத் தனியறையில் வைத்து முட்டையிடச் செய்து, முட்டைகளை நீர்த்த குளோரின் கரைசலில் சில நிமிடம் கழுவி, அந்த முட்டைகளையே உள்ளே கொண்டுவருகிறோம். முட்டைக்குள் ஒளிந்து வரும் கிருமியை இந்தக் கழுவலும் தொடாது. ஆகவே அவ்வப்போது சில மீன்களைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்ல கிருமிகளின் கதையும் இதேதான். மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவைத் தீங்கற்றதாக மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் ஒட்டி வாழ்கின்றன. விளக்கு அவற்றையும் கொன்றுவிடுமே என்று முதல்நாள் அஞ்சினேன். அவையும் விளக்கடிக்கு வருவதில்லை!

விளக்குக்கும் முதுமை உண்டு. ஏறத்தாழ 9,000 மணி நேரம், அதாவது ஓராண்டு எரிந்தபின் அதன் கதிர் தளர்ந்துவிடுகிறது. ஆனால் நீல ஒளி மட்டும் குறையாத பொலிவோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். குவார்ட்ஸ் உறையின்மேல் பாசியும் சுண்ணாம்பும் படிந்தாலும் இதே நிலைதான். அதனால் எங்கள் அறையில் விளக்கின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது: எந்நாள் மாற்றினோம், எந்நாள் உறையைத் துடைத்தோம் என்று. துடைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்திவிடுவோம். அக்கதிரைக் கண்ணால் நேரே பார்த்தால் சில மணி நேரங்கழித்துக் கண்ணில் மணலைக் கொட்டியது போல் எரியும்.

இப்போது கொளத்தூருக்கு வருகிறேன். சென்னை நண்பர்களுக்கு அவ்வூரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்: வடசென்னையின் அந்தப் பகுதி வண்ணமீன் வாணிகத்துக்குப் பெயர்போனது. அங்கும், அதற்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் எத்தனையோ குடும்பங்கள் கப்பி, மோலி, தங்கமீன், ஃபைட்டர் என்று வளர்த்துப் பிழைக்கின்றன. என் சித்தப்பா அவர்களில் ஒருவர். குத்தகை நிலத்தில் நாற்பது சிமெண்டுத் தொட்டிகள். சென்ற கார்த்திகை மழையில் தண்ணீர் குளிர்ந்ததும் வெள்ளைப் புள்ளி நோய் கண்டது. அந்த ஒட்டுண்ணிக்குச் சென்னை வெயிலில் சூடேறிய நீர் ஒத்துக்கொள்ளாது. மழைக்காலந்தான் அதன் திருவிழா. பத்து நாளில் மோலி பாதிக்கு மேல் போயிற்று. ஒரு கடைக்காரர் வந்து, தொட்டி வரிசைக்கு ஒன்றாக நீல விளக்குப் போட்டால் இனி நோயே வராது என்று சொல்லி இருபத்திரண்டாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். சித்தப்பா தள்ளிச் சீட்டெடுத்துப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தொலைபேசினார்.

"தம்பி, உங்க காலேஜ்ல போட்டிருக்கற அந்த விளக்கு ஒயிட் ஸ்பாட்டைக் கொல்லுமா?"

"கொல்லும் சித்தப்பா, ஆனா..."

"கொல்லும் இல்ல? அதுபோதும். நாளைக்கே பணத்தைக் குடுத்துடறேன்."

"கொஞ்சம் இருங்க. ஒரு தொட்டித் தண்ணி இன்னொரு தொட்டிக்குப் போகுதா?"

"அது எப்படிடா போகும்? ஒவ்வொண்ணும் தனித்தனிச் சிமெண்டுத் தொட்டி."

"அப்ப நோய் மட்டும் எப்படிப் போச்சு?"

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. தொட்டி ஓரத்துத் தவளையின் குரல் எனக்குக் கேட்டது. பிறகு அவரே சொன்னார்: "எல்லாத் தொட்டிக்கும் ஒரே கைவலைதாண்டா."

அந்த வலையின் கண்ணியில் ஒட்டிக்கொண்டு உறை போர்த்த ஒட்டுண்ணி முதல் தொட்டியிலிருந்து நாற்பதாம் தொட்டி வரை பயணம் செய்திருக்கக்கூடும். முதல் தொட்டிக்கு அது எப்படி வந்தது என்று கேட்டேன். மழைக்கு முன்பு சந்தையில் மலிவாகக் கிடைத்த மோலியை வாங்கி அன்றே விட்டாராம். நீர் பகிரப்படாத இடத்தில் நீரைக் காவல் காக்கும் விளக்குக்கு என்ன வேலை? மேலும் அவருடைய தொட்டிகள் திறந்தவெளியில் பசும்பாசி நீரோடு நிற்பவை. கப்பிக் குஞ்சுகளுக்கு அந்தப் பச்சை நீரே தாய்ப்பால். விளக்கு அந்தப் பாசியைக் கொல்லும்; இல்லாவிட்டால் பாசி விளக்கின் கதிரை விழுங்கும். ஃபைட்டர் தொட்டியில் பாதாம் இலை ஊறித் தேநீர் நிறமாக இருக்கும் நீரும் கதிரை அப்படித்தான் விழுங்கிவிடும்.

சித்தப்பா எளிதில் விடவில்லை. "பெரிய பண்ணைல எல்லாம் போட்டிருக்காங்களே, அவங்க என்ன முட்டாளா?" என்றார். இல்லை. அங்கே அடுக்குத் தொட்டிகளில் நீர் சுற்றுகிறது. அவர்களுக்கு அது தேவை. இந்த வேறுபாட்டை அந்தக் கடைக்காரர் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். விற்பவர் சொல்லமாட்டார் என்றால், விஞ்ஞானம் படித்த நம்மைப் போன்றோர் ஊருக்குப் போகும்போதாவது சொல்ல வேண்டாமா? பட்டமேற்படிப்புக்கு வந்த நாள்முதல் உறவினர்கள் என்னிடம் கேட்ட முதல் விஞ்ஞானக் கேள்வி இதுதான். வேலை எப்போது கிடைக்கும் என்பதை நான் விஞ்ஞானக் கேள்வியில் சேர்க்கவில்லை.

சீட்டுப் பணத்தில் சிறிதளவே செலவாயிற்று. வரிசைக்கு ஒரு வலை, ஒரு வாளி. அவற்றை மற்ற வரிசைக்குக் கொண்டுபோகக் கூடாது. வலையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் முக்கி, அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். அந்த ஒட்டுண்ணி உலர்ந்தால் பிழைக்காது. வெயிலின் புற ஊதாக் கதிர் கொல்லுகிறது என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லி வருகிறார். விளக்கில் உள்ள 254 நானோமீட்டர்க் கதிர் வானத்து ஓசோனைக் கடந்து மண்ணுக்கு வருவதே இல்லை, கொல்லுவது வறட்சிதான் என்று நான் திருத்திப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை. வலை காய்ந்தால் சரி என்று விட்டுவிட்டேன். வாங்கிவரும் மீனை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைக்க வேண்டும் என்பதற்குத்தான் பெரும்பாடாயிற்று. மூன்று வாரம் விற்காத மீனுக்குத் தீனி யார் போடுவது என்ற அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை செத்த மோலிகளின் விலையைக் கூட்டிப் பார்த்தபின் அவரே கண்டுகொண்டார். நோய் கண்ட தொட்டிகளில் மிஞ்சிய மீனுக்கு உப்பும் மருந்தும் வழக்கப்படி நடந்தன. விளக்கு இருந்திருந்தாலும் அவை நடந்தே ஆக வேண்டும்.

இப்போது ஓட்டுக் கொட்டகை ஒன்றில் ஏஞ்சல் மீன் குஞ்சுகளுக்காக அடுக்குத் தொட்டி கட்டுகிறார். இருபத்துநான்கு கண்ணாடித் தொட்டி, கீழே ஒரே பொதுத் தொட்டி, ஒரே பம்பு. "இங்கேயாவது அந்த விளக்கைப் போடலாமா, இல்ல இதுக்கும் வேணாம்னு சொல்லுவியா?" என்று கேட்டார். இங்கே போடத்தான் வேண்டும் என்றேன். எந்த அளவு விளக்கு என்பதைச் சொல்ல எனக்குப் பம்பின் ஓட்டம் தெரிய வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்; அடுக்கின் உச்சி வரை ஏறி விழும் நீரை இருபது லிட்டர் வாளியில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வாளி இருக்கிறதாம், வினாடி முள் உள்ள கடிகாரந்தான் தேடிக்கொண்டிருக்கிறாராம்.